அத்தான் எதற்காக எழுந்து நின்றார்?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. பெரிய சண்டை இல்லை, ஒரே ஒரு சொல்லைப் பற்றிய சண்டை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தன் அபிமானப் பாடகனின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டு, அக்கா கையில் கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இந்த வயசுல ஒரு பாட்டுக்காரன் பின்னாடி ஓடுறியே, பைத்தியமா உனக்கு?"

கேட்டவர் அப்போது போட்டிருந்தது அவருடைய கால்பந்து அணியின் சட்டை. அதன் முதுகில் அந்த அணியின் கோல்கீப்பர் பெயர். அத்தானுக்கு ஐம்பது வயது. கோல்கீப்பர் அவருடைய மகளைவிட ஒரு வயது இளையவன்.

நான் சிரித்தேன், புரையேறியது. அக்கா என் தலையில் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ கதை எழுதுறவதானே? இதை எழுது."

எழுதுகிறேன். தலையில் தட்டு வாங்கி எழுதுகிற கதை என்பதை மறந்துவிடாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விளையாட்டு ரசிகர்களுக்கும் கலை உலக நட்சத்திரங்களின் ரசிகர்களுக்கும் இடையேயுள்ள உளவியல் ஒற்றுமைகளை ஆராயப் புகுந்தால்"

புகவில்லை. வாசலிலேயே திரும்பிவிட்டேன். அடுத்து இது:

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர் தன் மனைவியின் கையைப்"

மழை பெய்யவே இல்லை. கதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு மழை வந்துவிடும், கெட்ட பழக்கம். (பிடித்தாரா, விட்டாரா என்று கேட்கிறீர்களா? பிறகு சொல்கிறேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள்ளெல்லாம் போய் வந்தவர். ஆனால் அவருடைய அணி ஆடும் நாளில் மட்டும் லிஃப்டில் ஏறமாட்டார். எப்போதோ ஒரு முறை ஏறினாராம், பசங்க (அணியை அவர் அப்படித்தான் சொல்வார்) தோற்றுவிட்டார்களாம். அன்றிலிருந்து மேட்ச் நாளில் எத்தனை மாடியானாலும் படிதான். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, மூச்சு வாங்கியபடி படியில் இறங்கிப் போகும் மெக்கானிக்கைப் பார்த்தால் அந்த லிஃப்டில் ஏற யாருக்குத் தைரியம் வரும்?

அக்கா பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். ஊசி குத்தும்போது அவள் வாய் அந்தப் பாடகனின் பாட்டைத்தான் முணுமுணுக்கும். நோயாளி வலியை மறந்து "இது எந்தப் பாட்டு?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் மின்னும். புதுப் பாட்டு வந்தால் முதல் தடவை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கேட்பாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

அவர்களுடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "சித்தி, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. மாத்திரைதான் வேற வேற."

3

[இந்தப் பகுதி கட்டுரை போல இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.]

அத்தானின் இலக்கணத்தைக் கவனித்திருக்கிறேன். அணி ஜெயித்தால், "நாம ஜெயிச்சுட்டோம்!" தோற்றால், "அவனுங்க தோத்துட்டானுங்க." இரண்டு மணி நேரத்துக்குள் தன்மையிலிருந்து படர்க்கைக்கு ஓடிவிடுவார். அக்காவின் இலக்கணம் வேறு. அவளுக்குப் பாடகன் எப்போதும் 'அவன்'தான். "அவன் சரியாவே தூங்கலை, முகத்தைப் பாரு." ஒருநாளும் நேரில் பார்த்துப் பேசாத ஆளின் தூக்கத்தைப் பற்றி அவளுக்குக் கவலை. பசங்களின் முழங்கால் பற்றி அவருக்குக் கவலை.

இத்தனை ஒற்றுமை இருந்தும் ஊர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கவில்லை. ஆண்கள் மைதானத்தில் அழுதால் செய்தித்தாள் 'உருக்கம்' என்கிறது. பெண்கள் மேடையைப் பார்த்து அழுதால் 'கூச்சல்' என்கிறது. அவருக்கு இருப்பது ஆர்வம். அவளுக்கு இருப்பது பைத்தியம்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். ஒரு பருத்த மனிதர் வந்தார். அக்காவின் பாடகன் போடுகிற அதே வட்டச் சட்டக் கண்ணாடி வேண்டுமென்று என் காதருகே குனிந்து கேட்டார். "என் பொண்ணுக்கும்மா." கொடுத்தேன். பெண்ணுக்கு வாங்க வந்தவர் தன் மூக்கில் மாட்டி, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்து, மெல்ல ஒரு வரி பாடினார். நான் பவர் சீட்டை வாசிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எந்தப் பட்டியலில் சேர்வார்? ஆண்கள் பந்து, பெண்கள் பாட்டு என்று நான் போட்டு வைத்திருந்த கோடு அங்கேயே அழிந்துபோயிற்று.

4

இப்போது கதை.

பாடகனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பாடவில்லை. இனி பாடவே மாட்டான் என்றும் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஏறப்போகும் முதல் மேடை, அக்கா டிக்கெட் வாங்கிய இந்த நிகழ்ச்சிதான்.

அதே நாளில் அத்தானின் அணிக்கு லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவார்கள். சமன் செய்தால்கூடத் தப்பிக்கலாம்.

நிகழ்ச்சி நடக்கப்போகும் இடம் எது தெரியுமா? அத்தானின் அணியின் சொந்த மைதானம். நிர்வாகம் அதைப் பாடகனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டது. பசங்களின் வாழ்வா சாவா ஆட்டம் வேறு ஊருக்கு மாற்றப்பட்டது.

(இது நான் புனைந்தது என்று நினைப்பீர்கள். கதை முழுக்கப் புனைவுதான். ஆனாலும் இந்த இடத்தில் என்மேல் சந்தேகப்படாதீர்கள்.)

"எங்க வீட்டைக் காலி பண்ணிட்டு அவனுக்குக் கொடுக்கிறாங்க!" என்று அத்தான் கத்தினார்.

"உங்க பசங்க அங்க ஜெயிச்சு எவ்வளவு நாளாச்சு? சும்மா கிடக்கிற இடம்தானே," என்றாள் அக்கா.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

நிகழ்ச்சிக்கு அக்காவோடு வரவேண்டிய தோழியின் குழந்தைக்கு அன்று காலையில் காய்ச்சல். எனக்குக் கூட்டத்தைக் கண்டாலே தலை சுற்றும். மகளுக்குத் தேர்வு. "தனியாவே போறேன்," என்று அக்கா செருப்பை மாட்டினாள். அத்தான் சோபாவிலிருந்து எழுந்தார்.

"நானும் வரேன்."

அக்கா நம்பவில்லை. "எதுக்கு?"

"புல்லு மேலேயே மேடை போட்டிருக்கானுங்களாம். அடுத்த சீசன் பசங்க எதுல ஆடுவாங்க? யாராவது பார்க்க வேண்டாமா?"

புல்லுக்குக் காவலாகத்தான் அத்தான் போனார். தன் அணியின் சட்டையிலேயே போனார்.

5

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர்கள் இருவரும் ரசிகர்கள். ரசிகர்களின் சாட்சியம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இருவரும் ஒத்துக்கொள்கிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேலரியில் உட்கார்ந்ததும் அத்தான் செல்போனை எடுத்தார். இவ்வளவு கூட்டத்தில் சிக்னல் எங்கே வரும்? ஸ்கோர் தெரியவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். பின்வரிசைப் பெண்கள் அவர் பாடகனைப் படமெடுக்கிறார் என்று நினைத்து, "அண்ணா, எங்களுக்கும் அனுப்புங்க!" என்றார்கள்.

அவருக்கு இடப்பக்கம் பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண். நெஞ்சில் பாடகனின் படம் போட்ட பட்டன், மடியில் ஒரு சின்ன ரேடியோ. அத்தானின் சட்டையைப் பார்த்ததும் இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"ஒண்ணு பூஜ்யம் அண்ணா. நாம பின்னாடி இருக்கோம்."

அத்தான் திகைத்துப்போனார். "நீங்க பாட்டா, பந்தா?"

"ஏன், ரெண்டு காது இருக்கே!"

அதன்பிறகு அத்தான் இடது காதில் ஆட்டத்தையும் வலது காதில் பாட்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அக்கா. முதல் பாட்டிலேயே அவள் அழத் தொடங்கிவிட்டாள். தேறிவிட்டான், குரல் வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

பாதி நிகழ்ச்சிக்குப் பிறகு மெதுவான ஒரு பாட்டு. ஒற்றை கிட்டார் மட்டும். மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றான், காற்றுதான் வந்தது. கிட்டார் நின்றது. பாடகன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

மைதானம் முழுக்க அமைதி. அக்கா அத்தானின் கையைப் பிடித்தாள். (பிடித்தது அவள்தான். இரண்டாம் பகுதியில் நான் தப்பாக எழுதிவிட்டேன்.)

அப்போது அத்தான் எழுந்து நின்றார். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். இரண்டு தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அவருடைய அணியின் ரசிகர்கள் அந்த மைதானத்தில் வருடக்கணக்காகத் தட்டுகிற தாளம். தனி ஆளாகத் தட்டினார். அடுத்து வேன் ஓட்டும் பெண் எழுந்தார். பின்வரிசைப் பெண்கள் எழுந்தார்கள். தாளம் கேலரி கேலரியாகப் பரவி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதன்மேல் யாரோ பாட்டின் வரியைப் பாடத் தொடங்க, எல்லோரும் பாடினார்கள். பாடகன் திரும்பினான். மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். மேலேறும் அந்த இடத்தை அவனுக்காக ஊரே பாடிக் கொடுத்தது. கடைசி வரியில் அவனும் வந்து சேர்ந்துகொண்டான், கரகரத்த குரலில், அவ்வளவு அழகாக.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அத்தானின் அணியும் தப்பித்தது.

6

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எனக்குத்தான் கதை முடியவில்லை.

அத்தான் ஏன் எழுந்தார்?

அக்காவின் கட்சி: "அவன் தவிக்கிறதைப் பார்த்து மனுஷனுக்குத் தாங்கலை. பசங்க தோக்கும்போது என்ன பண்ணுவாரோ அதையே பண்ணிட்டாரு."

அத்தானின் கட்சி: "அட போம்மா! அப்பத்தான் இடது காதுல கோல் விழுந்துச்சு. சந்தோஷத்துல எழுந்து தட்டினேன். ஊரே தட்டும்னு எனக்கென்ன தெரியும்?"

நான் இரண்டையும் எழுதினேன். ஒன்றில் அத்தான் கண் கலங்குகிறார். இன்னொன்றில் "கோல்!" என்று கத்துகிறார், அந்தக் கத்தல் யார் காதிலும் விழவில்லை. முதலாவது உருக்கமாக இருந்தது, எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம். இரண்டாவது சிரிப்பாக இருந்தது, ஆனால் அதில் அக்காவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், சமையலறையில் நின்று சத்தமாக வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கோலை எடுத்துடு. பாட்டுக்கே எழுந்ததா இருக்கட்டும்."

"நீங்கதானே கோல்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். உங்க அக்கா அன்னைக்கு எப்படி நடுங்கினான்னு உனக்குத் தெரியாது."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "எடுக்காதே! கோல்தான் இருக்கணும். அவர் அவரோட பசங்களுக்குத் தட்டினாரு, அது என் ஆளுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. இதைவிட அழகா உனக்கு எழுத வருமா?"

"நான் அவனுக்குத்தான் தட்டினேன்," என்றார் அத்தான்.

"பொய். கோலுக்குத்தான்."

"எழுந்தவன் நான்! எனக்குத் தெரியாதா?"

"பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான்!"

கட்சி மாறிவிட்டார்களே தவிரச் சண்டை மாறவில்லை. மகள் கையில் செல்போனோடு உள்ளே வந்தாள்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? அந்தப் பாட்டோட வீடியோ இருக்கு. கோல் விழுந்த நேரமும் இருக்கு. ரெண்டையும் வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். பார்க்கட்டுமா?"

"வேண்டாம்!"

இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் எதிலும் இப்படிச் சேர்ந்து ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

7

நான் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். வேன் ஓட்டும் பெண்ணின் எண்கூட அக்காவிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

முடிவு என்று ஒன்றை எழுதிப் பார்த்தேன்: "உண்மையில் அத்தான் அன்று எழுந்து நின்றது" என்று தொடங்கி, அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பந்து பிடித்தவர்கள் பந்தை வையுங்கள், பாட்டு பிடித்தவர்கள் பாட்டை வையுங்கள். இரண்டும் பிடிக்காதவர்கள் உங்களுக்கு எது பிடிக்குமோ அதை.

ஆனால் அவசரப்படாதீர்கள். சமையலறையில் அவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அவள் அவருடைய கோலுக்காக, அவர் அவளுடைய பாட்டுக்காக. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும்.