மேகத்துக்குள் ஒரு விமானம்

ஆக்னஸுக்குப் பிரசவமாகி இரண்டு மணி நேரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. அலாஸ்காவில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க என் விமானம் ஒன்றுதான் வழி.

அவளைப் படுக்க வைத்து நர்ஸ் மார்லீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் புருஷன் வாஸிலி பின்னால். ஓடுதளத்தின் கோடியே தெரியாதபடி மூடுபனி. மேகமோ தலையைத் தொடும் உயரத்தில். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. மேகத்துக்குள் ஏறுவதென்றால் நானூறு மைலுக்கு அப்பால் இருக்கும் விமானப் போக்குவரத்து அதிகாரிக்கு போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

"ரோய்ஸ், இப்போ விட முடியாது" என்றார் அவர். "உங்க ஊருக்கு ஒரு சரக்கு விமானம் இறங்கிட்டிருக்கு. இறங்கிட்டேன்னு அவன் சொல்லணும், அதுவரைக்கும் மேகத்துக்குள்ள இன்னொருத்தரை விட மாட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"பதினோரு நிமிஷமா பேச்சே இல்ல."

ரேடியோவில் நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வேறு ஊரில் இறங்கிவிட்டுச் சொல்ல மறந்திருப்பானோ? அப்படியும் நடந்திருக்கிறது.

"நாடி விழுந்துட்டே வருது" என்றாள் மார்லீன். "எதுக்குக் காத்திருக்கே?"

"மேல ஒருத்தன் இருக்கானாம்."

"மேல எவன் இருந்தா என்னய்யா?" வாஸிலி என் இருக்கையைப் பிடித்து உலுக்கினான். "இங்க என் பொண்டாட்டி சாகறா! பயந்தாங்கொள்ளிப் பயலே, கிளப்புடா!"

கிளப்பினேன். பொய் சொல்லி என்ன? விமானம் நாலடி நகர்ந்தும்விட்டது. சட்டென்று பிரேக்கை மிதித்தேன். அது புத்தியல்ல, வெறும் பயம். வாஸிலி என்னைத் திட்டாத வார்த்தை இல்லை. மார்லீன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு நிமிஷம் போயிருக்கும். எதிர்க்கோடியிலிருந்து உறுமல் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வயிறு, இரண்டு சக்கரம், நேராக எங்களை நோக்கி. எங்கள் தலைக்கு மேல் உரசுவதுபோல் போய் மறுபடி மேகத்தில் மறைந்தது. அந்தச் சரக்கு விமானக்காரன்தான், ஓடுதளம் கண்ணில் படாமல் திரும்ப மேலேறியிருக்கிறான். நான் ஏறியிருந்தால் அவனை அங்கேயே சந்தித்திருப்பேன்.

வாஸிலி என் இருக்கையிலிருந்து கையை எடுத்தான். விமானத்தை ஓடுதளத்தை விட்டு ஓரமாக நகர்த்தினேன். இனி அவன் எந்தப் பக்கமிருந்து வருவானோ. ஆக்னஸ் முனகுவதும் நின்றுவிட்டது.

"இருக்காளா?" என்று கேட்டேன்.

"இருக்கா. பேசாதே."

ஏழு நிமிஷம் கழித்து அவன் இறங்கினான். ஓட்டியவன் கதவைத் திறந்து, "ரெண்டு ரேடியோவும் போச்சுப்பா!" என்று கத்தினான். அவன் உதடு வெளுத்திருந்தது. உடனே அதிகாரிக்கு போன் போட்டு அவன் இறங்கிவிட்டதைச் சொன்னேன்.

"பத்து ஐம்பதுக்குள்ள தரையை விட்டுக் கிளம்பணும். தாண்டினா அனுமதி செல்லாது" என்றார் அதிகாரி.

பத்து நாற்பத்தெட்டுக்கு ஏறினேன். மேகத்துக்குள் எல்லாமே வெள்ளை. யாருமில்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு நொடியும் எதிரே இரண்டு சக்கரம் வருவதாகவே பட்டது.

ஆக்னஸ் பிழைத்தாள். ஆறு பை ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வாஸிலி என்னிடம் வந்து நின்றான்.

"நீ பிரேக் போடாம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

"நானும்தான் நாலடி நகர்த்திட்டேன்" என்றேன். அவன் காபி வாங்கித் தந்தான். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து குடித்தோம்.