மறுபடி எண்ணியவள்

எர்லிந்தா கடையின் பாச்சோய் நூடுல்ஸ் சூப்புக்கு லா பாஸ் சந்தையே அடிமை. போன வருஷம் அவளுக்குக் கால் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்களைத் தாக்குகிறது, சிறுநீரகம் அதில் மாட்டிக்கொண்டது என்றார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

சதையில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் எத்தனை நன்றாக இருக்கின்றன, தழும்பு எவ்வளவு, ரத்தம் எவ்வளவு சுத்தமாகிறது என்று மூன்றையும் பார்த்து, சிறுநீரகம் தாங்குமா என்று மதிப்பெண் போடுவார்கள். எர்லிந்தாவுக்கு வந்தது படுமோசம். பார்த்த எட்டு முடிச்சில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடுமையான மருந்து கொடுத்து உடம்பை வதைப்பதில் பயனில்லை, டயாலிசிசுக்குத் தயாராகுங்கள் என்றார் டாக்டர். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்தால் கடையை யார் திறப்பது? அவள் அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அதே டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "அக்கா, அன்னிக்குச் சொன்னதை மறந்துடுங்க. லேப்ல மறுபடி எண்ணியிருக்காங்க. இருபத்துநாலுல ஏழு நல்லா இருக்கு. மருந்தை ஆரம்பிச்சிடலாம்."

வருஷம் ஓடிவிட்டது. எர்லிந்தா இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லியும் மனசு ஆறவில்லை, எண்ணியது யார்? ஒருநாள் தூக்குப் பாத்திரமும் கையுமாக ஆய்வகத்துக்கே போய் நின்றாள். எந்த நோயாளியும் எட்டிப் பார்க்காத அறை. உள்ளே இருந்த இளம் டாக்டர் மரிவிக் மிரண்டுபோனாள்.

"என் கிட்னியைக் காப்பாத்தின மகராசி நீங்கதானா?"

மரிவிக்கின் முகம் சுருங்கியது. "எனக்கு நன்றி சொல்லாதீங்கக்கா. முதல் ரிப்போர்ட்டும் நான் போட்டதுதான். நான் பார்த்த சதைச் சீவல்ல எட்டு முடிச்சுதான் இருந்துச்சு. முடிவு சொல்ல அது பத்தாதுன்னு தெரியும். பசி, அவசரம், கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை. மறுநாள், உங்க சதையைப் பதிச்சு வச்சிருந்த மெழுகுக் கட்டியில மிச்சத்தையும் சீவி எண்ணினேன்."

"சும்மா விட்டிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அப்புறம்?"

"நான்தான் தப்புப் பண்ணேன்னு பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அந்த ஊர் மரியாதைப்படி, வயதில் சிறியவள்தான் பெரியவளின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு வயது எர்லிந்தா முறையெல்லாம் பார்க்கவில்லை. மரிவிக் பதறிப்போய் இழுக்க இழுக்க, விடாமல் அவள் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள்.