கம்பத்துச் சிட்டும் ஏப்ரல் விலையும்

என் அண்ணன் கிரிஃப் அன்றைக்குப் போனை எடுத்தது, இன்டர்நெட் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்காக. முக்கால் மணி நேரம் கழித்து அதை வைத்தபோது கட்டணம் ஒரு பென்னிகூடக் குறைந்திருக்கவில்லை. அதோடு புதிதாக ஒரு சிம் கார்டையும், குத்துச்சண்டை காட்டும் சேனல் ஒன்றையும் அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"நல்ல பையன். ரொம்ப மரியாதையாப் பேசினான்," என்றான், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்.

அவன் மனைவி டெலித் சாப்பாட்டு மேஜையில் யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வெல்ஷ் பள்ளத்தாக்கிலுள்ள பொன்டிப்ரித் சந்தையில் அவளுக்குத் திரைச்சீலைக் கடை. ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சண்டைக்குப் போயிட்டு சாமான் வாங்கிட்டு வந்திருக்கே."

"முதல் மாசம் இலவசம் டெல்."

"அதையேதான் நானும் கடையில வேற மாதிரி சொல்லி விக்கிறேன். வாங்குற ஆளு எப்படி இருப்பான்னு இப்பத்தான் வீட்டுக்குள்ளயே பாக்கிறேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் நான் குடியிருக்கிறேன். கிரிஃப் திட்டு வாங்கும் நேரம் எனக்கு எப்படியோ தெரிந்துவிடும். சரியாக அப்போது டீ குடிக்கப் போய்விடுவேன்.

விஷயம் இதுதான். போன இலையுதிர் காலத்தில் இரண்டு வருடத்துக்கு, மாதம் இருபத்தெட்டு பவுண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தான் கிரிஃப். ஏப்ரல் பிறந்ததும் மூன்றரை பவுண்டு ஏறிவிட்டது. அடுத்த ஏப்ரலிலும் ஏறும். இதெல்லாம் ஒப்பந்தத்தில் முதலிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது, அவன்தான் படிக்கவில்லை. வேண்டாம் என்று விலகினால், மிச்சமிருக்கும் மாதங்களுக்கெல்லாம் சேர்த்துத் தண்டம் கட்ட வேண்டும்.

"நடுவுல விலையை ஏத்த அவங்களால முடியும், நடுவுல எந்திரிச்சுப் போக நம்மால முடியாதா? இது எந்த ஊர் வியாபாரம்?" என்றாள் டெலித். "சன்னலுக்குத் துணியை மாட்டிட்டு, ஆறு மாசம் கழிச்சு வந்து 'அக்கா, துணி விலை ஏறிடுச்சு'ன்னு நான் கேட்டா என்னைச் சும்மா விடுவாங்களா?"

சிம்மையும் சேனலையும் மறுநாளே அவள் ரத்து செய்தாள். வாங்கிய புதிதில் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. கட்டணம்தான் அசையவில்லை.

நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிப் புலம்பலோடு கணினி முன் வந்து உட்காருபவர்களை நிறையப் பார்த்ததால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "சேரும்போது குறைஞ்சது இவ்வளவு வேகம் தருவோம்னு எழுதிக் குடுத்திருப்பாங்களே. அது வரலைன்னு புகார் குடுத்து, ஒரு மாசத்துக்குள்ள அவங்களால சரிபண்ண முடியலைன்னா தண்டம் இல்லாம வெளிய வரலாம். உங்க வீட்லதான் சாயங்காலமானா எல்லாமே நத்தை மாதிரி ஊருதே?"

டெலித் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அவ்வளவு பாசமாகப் பார்த்ததில்லை.

அன்று மாலையே வேகத்தை அளந்தார்கள். சொன்னதில் பாதிகூட வரவில்லை. புகார் போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்டர்நெட் கெட்டால் கொண்டாட்டம், ஓடினால் துக்கம். ஒரு சனிக்கிழமை கார்டிஃப் ரக்பி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆள் பந்தை அணைத்துக்கொண்டு கோட்டை நோக்கிப் பாய்கிறான், இன்னும் ஓரடி, படம் அப்படியே உறைந்துவிட்டது. "அடப் பாவி!" என்று குதித்த கிரிஃப், அடுத்த நொடி ஞாபகம் வந்து, "அப்படித்தான்! நில்லு! அசையாதே!" என்று கைதட்ட ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

இரண்டாவது வாரம் இன்ஜினியர் வந்தார். கெத்தின் என்று பெயர். ஒல்லியாக, நெடுநெடுவென்று, வாசற்படியில் தலையைக் குனிந்து வர வேண்டிய உயரம். கருவிப் பெட்டியைத் திறக்கக்கூட டெலித் விடவில்லை.

"முதல்ல உக்காருங்க தம்பி. டீ குடிங்க. இப்பத்தான் கல்லுல வெல்ஷ் கேக் போட்டேன், சூடா இருக்கு."

"வேலைய முடிச்சிட்டு..."

"வேலை எங்க ஓடிப் போகுது?"

ஆறு கேக் உள்ளே போயிற்று. அதன் பிறகு பாரா ப்ரித் என்ற உலர்பழ ரொட்டி, வெண்ணெயோடு. எழுந்தபோது ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி சூப். கெத்தின் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் இதைச் சரிபண்ணணும்னு நினைக்கிறீங்களா, கூடாதுன்னு நினைக்கிறீங்களா?"

கிரிஃப் இருமினான். டெலித் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "நீங்க உங்க வேலையச் செய்யுங்க தம்பி. நான் என் வேலையச் செய்யறேன்."

கெத்தின் சிரித்துவிட்டார். ஆனாலும் நேர்மையான மனுஷன். சுவரில் லைன் நுழையும் இடத்தில் கருவியை மாட்டிப் பார்த்து, வீட்டுக்குள் கோளாறு இல்லை, தெருவில் சின்னத் தேவாலயத்துக்கு எதிரே நிற்கும் டெலிபோன் கம்பத்தில்தான் என்று கண்டுபிடித்தார். மேலே இருக்கும் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறதாம். ஏறினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். டெலித்தின் முகம் விழுந்தது.

அவர் ஏணியை எடுக்க வெளியே போகவும் மலைப்பக்கமிருந்து மழை சாய்த்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. இதில் ஏறக்கூடாது, அது விதி. அடுத்த தேதி இரண்டு வாரம் தள்ளிக் கிடைத்தது. கெத்தின் நனைந்துகொண்டே வண்டிக்கு ஓடும்போது டெலித் பின்னாலேயே போய் மிச்ச கேக்கைப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பினாள்.

அந்த இரண்டு வாரமும் அவள் வானிலை அறிக்கை பார்த்த மாதிரி எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். எங்கள் பள்ளத்தாக்கில் மழைக்காக யாரும் வேண்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை, இவள் வேண்டிக்கொண்டாள். ஆனால் குறித்த நாளன்று விடிந்ததோ, ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே படுக்கும்படியான வெயில்.

"இந்த வெயிலுக்கு வேற நாளே கிடைக்கலையா?" என்று ஆகாயத்தைப் பார்த்துத் திட்டினாள்.

கெத்தின் உற்சாகமாக வந்தார். டீ பிறகு என்று சொல்லிவிட்டு நேராகக் கம்பத்தில் ஏணியைச் சாத்தினார். நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடைபாதையில் நின்றோம். மேலே போனவர் அங்கிருந்த இணைப்புப் பெட்டியின் மூடியை லேசாகத் திறந்தார்; உடனே சத்தமில்லாமல் மூடினார். அப்புறம் அசையவே இல்லை.

"என்ன தம்பி ஆச்சு?" என்றாள் டெலித்.

"ஷ்ஷ்!" உதட்டில் விரலை வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "உள்ள நீலச் சிட்டு கூடு கட்டியிருக்கு. முட்டை மேல உக்காந்திருக்கு. என்னைப் பார்த்து முறைக்குது."

"அதனால?"

"தொடக்கூடாது மேடம், சட்டம். குஞ்சு பொரிச்சு, றெக்கை முளைச்சு, அதுங்களாப் பறந்து போற வரைக்கும் இந்தப் பெட்டிய நான் திறக்க முடியாது. ஜூன் ஆயிடும்."

கெடு முடிய இருக்கும் நாட்களை டெலித் விரல்விட்டு எண்ணினாள். கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கெத்தினின் கையைப் பிடித்து, "உள்ள வாங்க தம்பி, இன்னிக்கு மாவுக்குள்ள கறி வச்சு 'மீட் பை' சுட்டிருக்கேன்," என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, கூடு காலியாகும்வரை பழுது பார்க்க இயலாது என்று கம்பெனிக்குத் தகவல் அனுப்பினார்.

ஒரு மாதக் கெடு முடிந்ததும் டெலித் போனை எடுத்தாள். கிரிஃபைச் சமையலறைக்கு அனுப்பி, வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் மாடிப்படியில் அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தேன். போகிறேன் என்பவர்களைத் தடுத்து நிறுத்தவே கம்பெனியில் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே நீல் என்ற ஒருவன் கிடைத்தான். வெளியூர்க் குரல், வெல்லம் மாதிரி.

"கிரிஃப் ப்ராபர்ட் பேர்ல இருக்கிற லைன். அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவார்," என்று டெலித் போனை நீட்ட, கிரிஃப் வந்து, "என் சம்சாரம் பேசட்டும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

"சொல்லுங்க மேடம், எதுக்காக எங்களை விட்டுப் போறீங்க?"

"ஒரு நீலச் சிட்டுக்காக."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆமா... இங்க எழுதியிருக்கு. நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு பாத்ததில்லை மேடம். சரி, உங்களுக்காக இருபத்தொன்பதுக்குப் போடறேன். இதுக்குக் கீழ எங்களுக்கு நஷ்டம்."

டெலித் பதில் சொல்லவில்லை. சந்தையில் முப்பது வருடம் நின்றவளுக்கு, பேச்சை நிறுத்தினால் எதிராளிக்கு எப்படி வியர்க்கும் என்று தெரியும். எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருபத்தாறு."

மறுபடி மௌனம்.

"இருபத்துநாலரை, அதோட புது ரூட்டர்..."

"போதும் டெல்! ஒத்துக்கோ!" என்று சமையலறையிலிருந்து கிரிஃப் அலறினான்.

டெலித் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரோ போதும்ங்கிற மாதிரி கேட்டுதே?" என்றான் நீல். குரலில் தெம்பு வந்துவிட்டது.

"அது எங்க வீட்டுக் கிளி."

"கிளியா?"

"எதைக் குடுத்தாலும் போதும் போதும்னுதான் கத்தும். போன மாசம் உங்காளு ஒருத்தர்கூட அதுக்கு சிம் கார்டு வித்தார்."

நீல் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, வெடித்துச் சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை அவளும் காத்திருந்தாள். பிறகு, "தம்பி, நானும் வியாபாரிதான். நஷ்டத்துக்கு விக்கிறவ எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியும். நீங்க இன்னும் அந்த இடத்துக்கு வரலை," என்றாள்.

இருபத்திரண்டு பவுண்டில் முடிந்தது. ஒப்பந்தம் முடியும்வரை ஏப்ரலோ வேறெந்த மாதமோ ஏறக்கூடாது. அதை மெயிலில் அனுப்பிய பிறகுதான் வைப்பேன் என்று லைனிலேயே இருந்தாள். வந்ததைக் கடைசி எழுத்துவரை என்னைப் படிக்கச் சொன்னாள். வைப்பதற்கு முன்னால் நீல், "மேடம், கிளிக்கு என் வணக்கம் சொல்லுங்க," என்றான்.

ஜூனில் குஞ்சுகள் பறந்தன. கெத்தின் வந்து கால்மணி நேரத்தில் வேலையை முடித்தார். லைன் இப்போது பறக்கிறது. கிரிஃபும் தரையில் நிற்கவில்லை. ரக்பி கிளப்பில் பியர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தான் எப்படி அவர்களை மடக்கினான், எப்படி மௌனமாக இருந்தே வியர்க்க வைத்தான் என்று விவரித்திருக்கிறான். டெலித்துக்கு விஷயம் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை அவன் வீட்டு வாசலில் கிளப் ஆட்கள் நான்கு பேர் நின்றார்கள், ஆளுக்கொரு போனும் பில்லுமாக. தெருவில் நின்றிருந்த எனக்கும் கேட்கும்படி, "உள்ள வாங்க, உள்ள வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்," என்று கதவை அகலத் திறந்துவிட்டாள் டெலித். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, மலைப்பக்கம் நடந்துட்டு வரலாம்."

நாங்கள் திரும்பி வந்தபோது கிரிஃப் சோபாவில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். காதில் யாருடைய போனோ இருந்தது. அதிலிருந்து காத்திருப்பு இசை கசிந்தது. அவன் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறான், பாவம். "பேசினது நான் இல்லை, டெல்தான்" என்று நாலு தடவை சொல்லியிருக்கிறான். யாரும் நம்பவில்லை.

"தொழில் ரகசியத்தை வெளிய விடமாட்டேங்கிறான்," என்றார் ஓவன் என்ற தடித்த ஆள், மரியாதையோடு தலையை ஆட்டி.

"மூணாவது ஆளுக்குப் பேசிட்டிருக்கான்," என்றார் இன்னொருவர். "ஓவனுக்கு ரெண்டு பவுண்டு குறைச்சிட்டான் தெரியுமா? வாயே திறக்கலை. அப்படியே பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தான். அந்தக் கம்பெனிப் பொண்ணு தானாவே இறங்கி வந்துட்டா."

பயத்தில் அவனுக்கு நாக்கு எழவில்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் புரிந்தது. டெலித் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்படியே இரு கிரிஃப்," என்றாள் அவன் காதருகே. "ரொம்ப நல்லாப் பேசறே."