ரயிலைப் பாராட்ட வந்த கார்கள்

மெலனி அந்தச் சிறிய ஜெர்மன் நகரின் மாவட்ட அலுவலகத்தில் செய்திக்குறிப்பு எழுதும் தமிழ்ப் பெண். நகரத்துக்கு இருந்த பெருமைகள் இரண்டுதான். அது மாவட்டத்தின் தலைநகர். அங்கே ரயில் நிற்கும். மணிக்கு ஒரு ரயில், அதுவும் மனம் வைத்தால்.

ஐந்து வருடம் இழுத்தடித்துக் கட்டிய புது நடைமேடையை ஒரு சனிக்கிழமை திறந்து வைத்தார்கள். மாவட்டத் தலைவர், தன் அலுவலகத்திலிருந்து முந்நூறு மீட்டர் தூரத்தைக் கறுப்புக் காரில் கடந்து வந்தார். சுற்றுவட்டார மேயர்கள் பதினொரு பேரும் காரில்தான் வந்தார்கள். "ரயில்தான் எங்கள் எதிர்காலம்" என்று தலைவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, பத்தரை மணி ரயில் ரத்து என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர்களில் யாரும் அதில் போகப்போவதில்லை.

மெலனி நடந்ததை அப்படியே எழுதி, 'விருந்தினர் அனைவரும் காரில் வந்து ரயிலைப் பாராட்டினார்கள்' என்று முடித்தாள். வீட்டில் அதை அப்பா யோசப்புக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"உப்பிடி எழுதினா வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள், பிள்ளை."

"நிப்பாட்டட்டும் அப்பா. நான் பொய் ஒண்டும் எழுதேல்லையே."

திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டனுப்பினார். மெலனி சண்டைக்குத் தயாராகவே போனாள். அவர் குறிப்பை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார்.

"மிக நன்று. ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். எல்லாக் கார்களுக்கும் நிறுத்த இடம் இருந்தது."

இந்த ஊருக்குக் கிண்டல்கூட வீண் என்று நினைத்தபடி அவள் அதைச் சேர்த்தாள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அந்த வரியையே தலைப்பாகப் போட்டது.