முகாமையாளர் இறங்கிய குழி

கேதீஸ்வரன் வெங்காயச் சங்கத்துக்கு முகாமையாளராக வந்து ஆறு மாதம் முடியப் போகிறது. வேலை நிரந்தரமா, வீடா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். அன்று லொறி வரும். லொறியோடு தலைவர் பொன்னம்பலமும் வருவார். அதற்குள் கொட்டிலில் குவிந்து கிடக்கும் விதை வெங்காயம் முழுவதற்கும் காய்ந்த தாளை வெட்டி, தரம் பிரித்து, மூட்டை கட்டியாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவனை யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டு நாள் முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: நல்ல தலைவன் தன் ஆட்களுக்கு மேலே இருக்கமாட்டான். கேதீஸ்வரனுக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை அவன். சின்ன வயதிலிருந்தே அவனைப் பிடித்த சனி அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை தான் உட்காரும் கதிரையை வெளியே தூக்கிப் போட்டான். வேலை செய்யும் பெண்களைப் போலவே ஒரு பலகையைப் போட்டு வெங்காயத்தின் முன் அமர்ந்தான்.

பெண்களில் மூத்தவளான நல்லம்மாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. "சேர், என்ன உது? எழும்பி மேலை இருங்கோ."

"இல்லை அக்கா. இனி நாங்கள் எல்லாரும் ஒண்டு."

"ஐயோ, சேரும் நாங்களும் ஒரே உயரத்திலையோ? ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

அவள் தன் பலகையைத் தள்ளிவிட்டு வெறும் சீமெந்துத் தரையில் அமர்ந்தாள். மற்றப் பெண்களும் அமர்ந்தார்கள். கேதீஸ்வரனும் பலகையைத் தள்ளினான். உடனே பெண்கள் வெங்காயம் நிறைந்த ஓலைக் கடகங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு படி கீழே முற்றத்துக்குப் போனார்கள். மரியாதை என்று வந்துவிட்டால் எங்கள் சனத்தோடு யார் போட்டி போடுவது?

புதன்கிழமை அவனும் முற்றத்துக்கு இறங்கினான். பெண்கள் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலுக்குள் போய் இருந்தார்கள். வியாழக்கிழமை அவனும் வாய்க்காலுக்குள் இறங்க, தோட்டக்காரன் தண்ணீரைத் திறந்துவிட்டான். கடகங்கள் மிதந்தன.

வெள்ளி விடிந்தபோது பாதி வேலைகூட முடியவில்லை. கொட்டிலுக்குத் திரும்பிய பெண்கள் எங்கே இருப்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.

"சேர், நாரி விட்டுப்போச்சு," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள் அவர்களில் இளையவளான கோபிகா.

கேதீஸ்வரனுக்கும் அழுகை வந்தது. வேலை போகப் போகிறது என்பது கண்முன்னே தெரிந்தது. ஆத்திரத்தில் ஓடிப்போய், தண்ணீர்த் தொட்டிக்கென்று கொட்டில் வாசலில் வெட்டிவிட்டிருந்த ஆள் ஆழக் குழிக்குள் குதித்தான்.

"இதுக்குக் கீழை போங்கோ பாப்பம்!"

பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். நல்லம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அதைவிடப் பள்ளமான இடம் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

"உதுக்குக் கீழை எங்களாலை ஏலாது, சேர்," என்றாள். அவள் விட்ட பெருமூச்சு குழிக்குள்ளும் கேட்டது.

பிறகென்ன, பலகைகள் வந்தன. வெளியே கிடந்த கதிரையில் நல்லம்மா சாய்ந்து இருந்தாள். கத்திகள் பறந்தன. ஊர்க்கதையும் சிரிப்புமாகக் கொட்டில் கலகலத்தது. தான் வந்த நாளிலிருந்து அங்கே யாரும் சிரித்ததில்லை என்பது கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது. சேற்றில் நின்றபடியே அவன் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்தான்.

பின்னேரம் லொறி வந்தபோது கடைசி மூட்டையும் கட்டியாகிவிட்டது.

"எங்கை மனேச்சர்?" என்றார் பொன்னம்பலம்.

"கீழை நிக்கிறார் ஐயா," என்று குழியைக் காட்டினாள் நல்லம்மா.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "தன்ரை ஆக்களுக்காக இவ்வளவு தூரம் இறங்கின ஒருத்தனை நான் காணேல்லை. தம்பி, உனக்கு வேலை நிரந்தரம். மற்றக் கிளையளிலையும் குழி வெட்டச் சொல்லுறன்."

லொறி போயிற்று. கோபிகா வாளியில் தேத்தண்ணி இறக்கினாள். இவ்வளவு அன்பாக அவள் தேத்தண்ணி தந்தது இதுவே முதல் தடவை.

"தங்கச்சி, அந்த ஏணியை ஒருக்கா விடும்."

கோபிகா சுவரில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தாள். கதிரையில் காலை நீட்டியிருந்த நல்லம்மாவைப் பார்த்தாள். பிறகு மிகுந்த மரியாதையோடு குழிக்குள் குனிந்தாள்.

"நீங்கள் ஏறினால் நாங்கள் திரும்ப இறங்க வேணுமே, சேர்."