வெட்டாத மூச்சு

"டூலியோ, இப்ப எங்க இருக்க?"

டெல்ஃபினா மூன்றாவது முறையாகப் போன் செய்தாள். அடுப்பில் காபி பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஏரிப் பாலத்துல ஒரு லாரி குறுக்க நின்னுபோச்சு. பத்தே நிமிஷம்."

"எட்டரைக்கும் இதத்தான சொன்ன!"

உள்ளறையில் அப்பா ஓத்தாவியோவின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்துவிட்டுப் போன நர்ஸ், "இன்னைக்கு வெளிய எங்கயும் போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து டெல்ஃபினாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்து, மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாந்துவா ஊரே அறிந்த உச்சக்குரல் டெனர் பாடகர் அப்பா. பெரிய ஆபரா இசைநாடக மேடைகள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அவரும் போய்த் தட்டவில்லை. முந்நூற்றைம்பது வருடத்துப் பழைய காதல் பாட்டுகளை நாற்பது வருடம் பாடினார். ஆறு இசைத்தட்டுகள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பது கடைசி வரிசைவரை கேட்கும். கொல்லன் துருத்தி என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை விழுந்து விழுந்து சிரிப்பாள். "பாட்டுக்கு யாரு மயங்கினா? நான் மயங்கினது அந்த மூச்சுக்கு" என்பாள்.

ஏழாவது தட்டைப் போன இலையுதிர் காலத்தில் பதிவு செய்தார்கள். கம்பெனிக்குச் சத்தம் சுத்தமாக வேண்டுமாம். ஒலிப்பதிவாளன் டூலியோ உட்கார்ந்து ஒரு மூச்சுகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். போன வாரம் மாதிரித் தட்டு வந்தது. இரண்டே பாட்டு கேட்டுவிட்டு அப்பா கையை ஆட்டினார்.

"யாருடி இவன்? செத்தவன் பாடுற மாதிரி இருக்கு. மூச்சு வாங்காம எவன்டி காதலிப்பான்? வெட்டாதத ஒரு தடவ கேட்டுட்டா போதும் எனக்கு."

அதன் பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அதையாவது கொடுக்காமல் அனுப்பிவிடக் கூடாதே என்றுதான் டூலியோவை வரச் சொல்லியிருந்தாள்.

இரவு ஒன்பதே காலுக்கு டூலியோ பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தான். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தபடியே ஒலிபெருக்கியில் வயரை மாற்றிச் சொருகினான். பிடுங்கி மறுபடி சொருகினான்.

"சீக்கிரம்டா!"

ஓத்தாவியோ ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இன்னும்... சுருதி சேக்கலயா இவன்?"

டூலியோ சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "மன்னிச்சிருங்க மாஸ்டர். எல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணுகூட வெட்டல."

ஹார்ப்சிகார்டின் தந்தி ஒலி மெல்லத் தொடங்கியது. முதல் சொல்லுக்கு முன்னால், அறை முழுக்கக் கேட்கும்படி, அந்த மூச்சு. அப்பாவின் உதடு கோணி ஒரு சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

டெல்ஃபினா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து முதல் முறையாக அவளுடைய தோள்கள் தளர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பாட்டைக் கேட்டாள். இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது வந்தது. மூச்சு சீராக, ஆழமாக வந்துகொண்டிருந்தது.

"கேட்டியா டூலியோ? எவ்வளவு நல்லா மூச்சு விடுறாரு பாரு. நர்ஸுக்கு ஒண்ணும் தெரியல."

டூலியோ கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியின் குமிழை நோக்கி மெதுவாகக் கையை நீட்டினான்.

அவள் திரும்பிப் போர்வையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கவில்லை.

"நிறுத்தாத" என்றாள்.

ஹார்ப்சிகார்டு கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. அடுத்த அடியைப் பாட ஓத்தாவியோ மூச்சை இழுத்தார்.