வெள்ளிக் கரண்டியில் விழுந்த கீறல்

பெரிய மனிதர்கள் அடிக்கல் வைக்கும் லட்சணம் கொத்தனார் இனாக் சக்டனுக்குத் தெரியும். வெள்ளியில் செய்த கொத்துக் கரண்டியால் சுண்ணாம்புக் கலவையைத் தொட்டுவிட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள். கூட்டம் கலைந்ததும் கல்லைத் தூக்கி மறுபடி ஒழுங்காக உட்கார வைப்பது இவன் வேலை. இதுவரை ஏழு கல்.

இந்தக் கல் அப்படி ஆகக்கூடாது என்றிருந்தான். யார்க்‌ஷயரின் அந்த ஆலை ஊரில், 1896-இல், தொழிலாளர் கட்சிக்கென்று சொந்த மன்றம் எழும்புகிறது. கல்லை வைக்கப் போகிறவள் தறிக்காரி செலினா ஹெய்க்; முதலாளிகள் ஆலையைப் பூட்டிய இரண்டு கதவடைப்பிலும் ஆலை வாசலை விட்டு நகராதவள்.

பத்து நிமிஷம்தான் பேசுவேன் என்று தலைவர் கிராப்ட்ரீ சொன்னதை நம்பி, இனாக் முன்கூட்டியே கலவையைப் பரப்பிவிட்டான். தலைவர் ஐம்பது நிமிஷம் பேசினார். காய்ந்த காற்று வேறு. அடியிலிருந்த மணற்கல் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கலவை வெளுத்துப்போனது. வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் கட்சிக்கு அவமானம். திறக்காவிட்டால் இது எட்டாவது கல்.

செலினா வெள்ளிக் கரண்டியை வாங்கிக் கலவையில் குத்தினாள். உள்ளே இறங்கவில்லை.

"கொத்தனாரண்ணே, இது செத்துப்போச்சே."

"சும்மா தொட்டாப் போதும்மா," என்றார் தலைவர். "படம் பிடிக்கிறவரு காத்திருக்காரு."

"நீங்க பேசின பேச்சுல கலவையே தூங்கிருச்சு தலைவரே. அவரு இன்னுங் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்று இனாக் கேட்டான்.

"எட்டு வயசுலேர்ந்து எங்கப்பாவுக்குக் கலவை சுமந்தவ நான். தண்ணியக் கொண்டாங்க."

"என் கரண்டிய வச்சுக்க. வெள்ளி வளைஞ்சிரும்."

"வளையட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒருநாளாவது வேலை செய்யட்டும்."

நல்ல பாவாடையோடு சேற்றில் மண்டியிட்டாள். வெளுத்ததைச் சுரண்டி எறிந்தாள். அடியிலிருந்த கல்லை நனைத்து, இனாக் கொண்டுவந்த புதுக் கலவையைப் பரப்பி, மேல்கல் நன்றாகப் பதிய நடுவே ஒரு கோடு இழுத்தாள். வெள்ளி கிரீச்சிட்டது. கப்பியில் தொங்கிய கல் மெல்ல இறங்கி உட்கார்ந்தது.

எல்லாரும் போனபின் தலைவர் தயங்கித் தயங்கி வந்தார். "வழக்கம்போலத் தூக்கி வைக்கணுமாப்பா?"

இனாக் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

"தேவையில்ல."

தலைவர் கரண்டியைத் திருப்பிப் பார்த்தார். நுனி மடங்கி, முகமெல்லாம் கீறல். "தட்டான்கிட்டக் குடுத்து மெருகு போட்டுரலாம்."

"அந்தக் கீறல்ல கைய வச்சீங்கன்னா," என்றான் இனாக், சட்டியைக் கழுவிக்கொண்டே, "மிச்சச் சுவத்துக்கு வேற கொத்தனாரப் பாத்துக்கங்க."